மகன் கேட்கும் கிராஃபிக்ஸ் கார்ட்



பலாபத்வலையில் உங்கள் வீடு என்று வைத்துக்கொள்வோம். முன்னால் ஏ9 வீதி. தம்புள்ளை பஸ்கள் இரைந்துகொண்டு போகின்றன. பின்வளவில் நாலைந்து மிளகுக் கொடிகள். இஷாவுக்குப் பிறகு நீங்கள் சற்று ஓய்ந்து உட்காரும் நேரம் பார்த்து மகன் பக்கத்தில் வந்து நிற்கிறான்.

“உம்மா, கம்பியூட்டருக்கு ஒரு கிராஃபிக்ஸ் கார்ட் போட வேணும். கேம் போட்டா இழுக்குது.”

விலை என்னவென்று கேட்கிறீர்கள். அவன் சொல்லும் தொகையைக் கேட்டதும் நெஞ்சு பகீர் என்கிறது. கட்டாரிலிருந்து வாப்பா அனுப்பும் காசில் ஒரு மாதத்துச் செலவு அப்படியே போய்விடும் போலிருக்கிறது. உடனே “உனக்கு வேற வேலை இல்லையா?” என்று துரத்திவிடுகிறோம். இல்லையென்றால், பிள்ளை முகம் வாடக் கூடாது என்று நகைப் பெட்டியைத் திறந்து பார்க்கிறோம். இரண்டுமே அந்தக் கார்ட் என்னவென்று தெரியாமல் எடுக்கும் முடிவுகள்தாம். தெரியாதது நமக்கு மட்டுமல்ல. பல வீடுகளில் கேட்கும் பிள்ளைக்கே அது சரியாகத் தெரிவதில்லை! நண்பன் வீட்டில் பார்த்த பெயரை வந்து சொல்கிறான், அவ்வளவுதான்.

நண்பன் வீட்டுப் பெட்டி வேறு, நம் வீட்டுப் பெட்டி வேறு. கார்டின் பெயரைக் கேட்பதற்கு முன் நம் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். அதற்குப் பெரிய படிப்பு ஒன்றும் தேவையில்லை.

கார்ட் செய்யும் வேலை என்ன?

கல்யாண வீட்டுச் சமையலை நினைத்துக்கொள்ளுங்கள். தலைமைச் சமையற்காரர் ஒருவர் இருப்பார். எதை எப்போது போடுவது, நெருப்பை எப்போது குறைப்பது எல்லாம் அவர் கையில். கம்பியூட்டரில் புரொசஸர் என்பது அவர்தான். ஆனால் ஐம்பது கிலோ வெங்காயத்தை அவரே உட்கார்ந்து உரித்தால் சஹன் எப்போது வைப்பது? அதற்கு நிறையக் கைகள் வேண்டும். ஒவ்வொரு கையும் செய்வது சின்ன வேலை, ஆனால் எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கும். கிராஃபிக்ஸ் கார்ட் என்பது அந்தக் கைகள்.

எவ்வளவு வேலை என்று ஒரு கணக்குப் பாருங்கள். இன்று வீடுகளில் சாதாரணமாக இருக்கும் மொனிட்டரில் குறுக்கே 1920, நெடுக்கே 1080 புள்ளிகள். பெருக்கினால் 20 இலட்சத்து 73 ஆயிரத்து 600. படம் தடங்கலின்றி ஓட வேண்டுமானால் ஒரு விநாடியில் 60 தடவை இத்தனை புள்ளிகளுக்கும் நிறம் தீர்மானிக்க வேண்டும். ஒரே விநாடியில் 12 கோடிக்கு மேல்!

இந்தக் கார்டுகளின் மூளையைத் தயாரிக்கும் கம்பனிகள் உலகில் மிகச் சிலவே. என்விடியா 1993இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. 1999இல் அது வெளியிட்ட ஜீஃபோர்ஸ் 256 என்ற கார்டோடுதான் ‘ஜிபியு’ என்ற சொல் பரவியது. மற்றது ஏஎம்டி. அது 2006இல் ஏடிஐ என்ற கம்பனியை வாங்கி இத்துறைக்குள் வந்தது. இன்டெல் 2022இல் ‘ஆர்க்’ என்ற பெயரில் கடை விரித்தது. பெட்டியின் மேல் காணும் ஆசுஸ், எம்எஸ்ஐ, கிகாபைட் போன்ற பெயர்கள் அந்த மூளையை வாங்கி, விசிறியும் பலகையும் சேர்த்து விற்பவர்களுடையவை.

உண்மையில் கார்ட்தான் இழுக்கிறதா?

முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. ‘இழுக்குது’ என்ற ஒரே சொல்லுக்குள் நாலைந்து வருத்தங்கள் ஒளிந்திருக்கின்றன.

மகனை உட்காரச் சொல்லி, கேமை ஓடவிட்டு, கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று பொத்தான்களையும் சேர்த்து அழுத்தச் சொல்லுங்கள். டாஸ்க் மேனேஜர் என்ற பலகை வரும். அதில் ‘பெர்ஃபோமன்ஸ்’ பகுதியில் புரொசஸர், மெமரி, ஜிபியு ஒவ்வொன்றும் எத்தனை வீதம் வேலை செய்கிறது என்று கோடு கோடாகத் தெரியும். ஜிபியு 95, 100 என்று நின்று, மற்றவை ஆறுதலாக இருந்தால் பிள்ளை சொல்வது சரி. கார்ட் களைத்துப் போயிருக்கிறது. புரொசஸர் 100இல் நின்று ஜிபியு 50இல் சும்மா இருந்தால், எத்தனை ஆயிரம் கொட்டிப் புதுக் கார்ட் போட்டாலும் அதுவும் சும்மாதான் இருக்கும். சமையற்காரர் ஒருவர் தடுமாறும்போது வெங்காயம் உரிக்க இன்னும் பத்துப் பேரை அழைத்து என்ன பயன்?

இன்னொரு சோதனையும் உண்டு. கேமின் உள்ளே போய்ப் படத்தின் அளவை 1920இலிருந்து 1280க்குக் குறைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். குறைத்ததும் ஓட்டம் நன்றாக வேகம் பிடித்தால் கார்ட்தான் தடை. குறைத்தும் அப்படியே இருந்தால் தடை வேறெங்கோ இருக்கிறது.

மெமரி 8 ஜிபி மட்டும் இருந்து அதில் 90 வீதத்துக்கு மேல் நிரம்பி நின்றால், இன்னொரு 8 ஜிபி சேர்ப்பது கார்டைவிட மலிவாக முடியலாம். கேம் திறக்கவே பத்து நிமிடம் எடுக்கிறது என்றால் அது ஹார்ட் டிஸ்க்கின் குறை. எஸ்எஸ்டி ஒன்று போட்டால் தீரும். அரை மணி நேரம் நன்றாக ஓடிப் பிறகு இழுத்தால் சூடு ஏறுகிறது. வீதியோர வீடுகளில் பெட்டிக்குள் படியும் தூசியைச் சொல்லி முடியாது. கரண்டை நிறுத்தி, மெல்லிய தூரிகையால் விசிறிகளைத் துப்புரவாக்கிப் பாருங்கள். காசில்லாத வைத்தியம் இது!

இணையத்தில் மற்றவர்களோடு சேர்ந்து ஆடும்போது மட்டும், அதுவும் இரவு எட்டு மணிக்கு, எதிராளி அங்குமிங்கும் தாவுகிறான் என்றால் அது சிக்னல் வேலை. ஊரே போனில் படம் பார்க்கும் நேரம் அது. அதற்குக் கார்ட் மருந்தல்ல.

எந்தக் கேம் என்பதையும் கேளுங்கள். வெலோரன்ட் போன்றவை பழைய கார்டிலும் ஓடும்படியே செய்யப்பட்டவை. “ஜிடிஏ 6 வருது உம்மா, அதுக்குத்தான்” என்று சொன்னால் அவசரப்பட வேண்டாம். அந்த விளையாட்டை 2026 நவம்பர் 19 என்று திகதியிட்டு அறிவித்தபோது பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பொக்ஸ் ஆகிய இரண்டுக்கு மட்டுமே அறிவித்தார்கள், கம்பியூட்டருக்கு அல்ல. அதற்கு முந்திய ஜிடிஏ 5இன் உறையில் ஐரோப்பிய வயதுத் தரமாக 18 என்று போட்டிருக்கிறது. வீட்டில் பதின்மூன்று வயதுப் பிள்ளை இருந்தால் அந்த எண்ணை ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது.

பெட்டி தாங்குமா?

கார்ட்தான் தடை என்று தெரிந்துவிட்டது. இனி பெட்டியைத் திறக்க வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

நம் பக்கத்தில் பல வீடுகளுக்குக் கம்பியூட்டர் வந்த வழி உங்களுக்குத் தெரியும். பிள்ளையின் படிப்புக்காக, வெளிநாட்டு அலுவலகங்களில் பாவித்துக் கழித்த டெல், எச்பி பெட்டிகளில் ஒன்றைக் குறைந்த விலைக்கு எடுத்திருப்போம். நல்ல உழைப்பாளிப் பெட்டிகள்தாம். ஆனால் அவை கடிதம் அடிக்கவும் கணக்கெழுதவும் செய்யப்பட்டவை. பல பெட்டிகள் ஒல்லியானவை. சாதாரணக் கார்ட் உயரத்தில் அடங்காது. உள்ளே இருக்கும் பவர் சப்ளை 240 வாட் அளவில் இருக்கும். அதன் வயர்கள் அந்தக் கம்பனிக்கே உரிய அமைப்பில் இருப்பதால், கடையில் வேறொன்றை வாங்கி மாற்றுவதும் இலகுவல்ல.

மின்கணக்கு மிக எளிது. கார்டைச் செருகும் துளை அதிகபட்சம் 75 வாட் தரும். அதற்கு மேல் தேவைப்பட்டால் பவர் சப்ளையிலிருந்து தனி வயர் வர வேண்டும். ஆறு ஊசி வயர் இன்னும் 75 வாட் தரும். எட்டு ஊசி வயர் 150 வாட் தரும். பெட்டியில் அந்த வயர் இல்லையென்றால் 75 வாட்டுக்குள் நிற்கும் கார்ட்தான் நமக்குச் சரி. ஜிடிஎக்ஸ் 1650இல் கூடுதல் வயர் கேட்காத வகை உண்டு. 2024இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3050இன் 6 ஜிபி வகை 70 வாட்தான் எடுக்கிறது. இரண்டிலும் ஒல்லிப் பெட்டிக்கான குட்டைக் கார்டுகள் கிடைக்கின்றன. ஆனால் இவற்றுக்கும் 300 வாட் பவர் சப்ளை வேண்டும் என்பதே கம்பனியின் சிபாரிசு. 240 வாட்டில் பலர் ஓட்டுகிறார்கள் என்றாலும், எத்தனை வாட் என்பதைக் கடைக்காரரிடம் சொல்லிக் கேட்டுவிட்டே எடுங்கள். இவற்றைப் போட்டால் நண்பன் வீட்டைப் போல ஓடாதுதான். ஆனால் பெட்டி எரியாது!

உயரமான பெட்டி, நல்ல பவர் சப்ளை இருந்தால் தெரிவு விரிகிறது. 2021இல் வந்த ஆர்எக்ஸ் 6600க்கு 132 வாட். குறைந்தது 450 வாட் பவர் சப்ளை வேண்டும் என்கிறது ஏஎம்டி. அதே ஆண்டு வந்த ஆர்டிஎக்ஸ் 3060க்கு 170 வாட். 2023இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4060க்கு 115 வாட். 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 5060க்கு 145 வாட். இந்த என்விடியாக் கார்டுகளுக்கு 550 வாட் பவர் சப்ளை சொல்லப்படுகிறது. சாதாரண மொனிட்டர் வைத்திருக்கும் வீட்டுக்கு இந்த வரிசையைத் தாண்டிப் போக எந்த நியாயமும் இல்லை என்பது என் எண்ணம். 60 ஹேர்ட்ஸ் மொனிட்டர் விநாடிக்கு 60 படங்களைத்தான் காட்டும். கார்ட் 150 படம் வரைந்தாலும் மீதி 90 கண்ணுக்கு வருவதில்லை. அதற்கும் சேர்த்துத்தானே காசு கொடுக்கிறோம்?

பவர் சப்ளையில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். பெட்டியோடு சும்மா சேர்ந்து வரும் பவர் சப்ளையில் ‘500 வாட்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். பக்கத்திலுள்ள சிறிய அட்டவணையில் 12 வோல்ட் என்ற நிரலைப் பாருங்கள். அங்கே எத்தனை அம்பியர் இருக்கிறதோ அதை 12ஆல் பெருக்குங்கள். 18 அம்பியர் என்றால் 216 வாட்தான் அந்தப் பாதையில் கிடைக்கும். கார்டும் புரொசஸரும் பெரும்பாலும் அந்தப் பாதையில்தான் குடிக்கின்றன.

பெயர் ஒன்று, பொருள் வேறு

மிளகு வாங்கத் தெரிந்த மாத்தளைப் பெண்களுக்கு இதை விளங்கவைப்பது கஷ்டமில்லை. பப்பாளி விதை கலந்த மிளகைத் தண்ணீரில் போட்டால் மிதக்கும் அல்லவா? கார்டிலும் அப்படிக் கலப்புகள் உண்டு. சில கலப்புகளைக் கம்பனிகளே செய்கின்றன!

ஜிடி 1030 என்ற பெயரில் 2017இல் ஒரு கார்ட் வந்தது. 2018இல் அதே பெயரில், மிக மெதுவான மெமரியோடு இன்னொன்று வந்தது. பெட்டியில் ஒரு ‘ஜிடிடிஆர்5’, ‘டிடிஆர்4’ வித்தியாசம்தான். ஓட்டத்தில் பாதிக்குப் பாதி குறைவு. ஜிடிஎக்ஸ் 1060இல் 3 ஜிபி, 6 ஜிபி என்று இரண்டு உண்டு. மெமரி மட்டும்தான் வேறு என்று நினைப்போம். உள்ளே வேலை செய்யும் கைகளும் 1280க்குப் பதில் 1152தான். ஆர்எக்ஸ் 580 என்ற பெயரோடு ‘2048எஸ்பி’ என்று சிறிதாக இருந்தால் அது சீனச் சந்தைக்கென்று குறைத்துச் செய்த வகை. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி புதிய பலகைகளில் ஓடுவது போலப் பழைய பலகைகளில் ஓடாது. அதன் பாதை மிக ஒடுங்கியது. நம்முடைய பழைய பெட்டிகளுக்கு அது ஒத்துவராத சம்பந்தம்.

இன்னொரு வகை நேரடி மோசடி. 2010ஆம் ஆண்டுக் காலத்துக் கார்ட் ஒன்றின் உள்ளே மென்பொருளைத் திருத்தி ‘ஜிடிஎக்ஸ் 1050 டிஐ’ என்று அதையே பொய் சொல்ல வைத்து விற்கிறார்கள். ஈரத்தைக் கீழே மறைத்து உலர்ந்த தானியத்தை மேலே வைத்த வியாபாரியைப் பற்றிய ஹதீஸ் நம் பிள்ளைகளும் அறிந்ததே. அந்த மேற்பரப்பைக் கிளறிப் பார்க்க ஒரு கருவி இருக்கிறது. ‘ஜிபியு-ஸீ’ என்ற இலவச மென்பொருள் இப்படிப்பட்ட கார்டுகள் பலவற்றைக் கண்டுபிடித்து, போலி என்றே எழுதிக் காட்டும். விற்பவர் முன்னாலேயே அதைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். நேர்மையானவர் கோபப்பட மாட்டார்.

பழையதா, புதியதா?

2022இல் நாம் பட்டதை எந்தப் பெண்ணும் மறந்திருக்க மாட்டாள். ஆண்டுத் தொடக்கத்தில் டொலர் 200 ரூபா அளவில் இருந்தது. மே மாதம் 360ஐத் தொட்டது. அமெரிக்காவில் 329 டொலர் என்று விலை சொன்ன கார்ட், வரியும் இலாபமும் சேராமலே 66 ஆயிரத்திலிருந்து ஒரு இலட்சத்து 18 ஆயிரமாகிவிட்டது. அதன் மேல் 8 வீதமாக இருந்த வற் வரி அதே ஆண்டில் 12, 15 என்று ஏறி, 2024 ஜனவரியில் 18 ஆனது. பாவித்த கார்டுகளை நாடி மக்கள் போனதில் ஆச்சரியமில்லை.

அதே 2022 செப்டம்பர் 15இல் இன்னொன்று நடந்தது. ஈதீரியம் என்ற இணைய நாணயத்தை உண்டாக்க உலகெங்கும் கார்டுகளை வரிசையாக அடுக்கி இரவு பகலாக ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அன்று அந்த முறையே கைவிடப்பட்டது. ஓடிக் களைத்த கார்டுகள் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்தன. அவற்றில் எல்லாமே கெட்டவை என்று சொல்ல முடியாது. ஆனால் விசிறி தேய்ந்திருக்கும், மெமரியின் மேலுள்ள சூடு கடத்தும் பட்டை காய்ந்திருக்கும். எனவே பாவித்த கார்ட் எடுப்பதானால், விற்பவர் வீட்டில் அல்லது கடையில் அரை மணி நேரம் கேம் ஓட்டிப் பாருங்கள். திரையில் நிறப் பொட்டுகள், கோடுகள் தெறித்தால் வேண்டாம். விசிறி கரகரத்தால் வேண்டாம். சூடு 85 பாகையைத் தாண்டினால் விலையைப் பேசாமல் எழுந்து வாருங்கள்.

மிகப் பழையதும் வேண்டாம். ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசைகளுக்குப் புதிய கேம்களுக்கான டிரைவர்கள் 2025 அக்டோபரோடு நின்றுவிட்டன. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 வரை வரும் என்று அறிவித்திருக்கிறார்கள். ஏற்கனவே வீட்டில் இருந்தால் ஓடும்வரை ஓடட்டும். புதிதாகக் காசு கொடுத்து எடுக்க வேண்டியதில்லை.

வாங்கும் இடத்தைப் பற்றியும் ஒரு சொல். கொழும்பு பம்பலப்பிட்டியில் யூனிட்டி பிளாசா இருக்கிறது. மாடி மாடியாகக் கம்பியூட்டர் கடைகள். நாலு கடை ஏறி இறங்கினால் விலையில் வித்தியாசம் தெரியும். ஆனால் பழுது என்றால் பலாபத்வலையிலிருந்து மீண்டும் கொழும்புக்கு ஒரு நாள் பயணம். மாத்தளையிலோ கண்டியிலோ இரண்டாயிரம் மூவாயிரம் கூடினாலும், வாரண்டியைக் கடைக்காரரே பொறுப்பேற்றுச் செய்து தருவாரானால் அதுவே இலாபம். வட்டியோடு வரும் தவணைக்கு மட்டும் போக வேண்டாம். ஆறு மாதம் பிள்ளையும் சேர்ந்து சேர்க்கட்டும். பெருநாள் காசு என்று ஒன்று இருக்கிறதே!

கரண்ட் பில்

இதைப் பிள்ளைகள் சொல்ல மாட்டார்கள். கார்ட் இல்லாத பழைய பெட்டி 100 வாட் எடுத்தது என்று வையுங்கள். நாளுக்கு மூன்று மணி நேரம் என்றால் மாதத்துக்கு 9 அலகு. 132 வாட் கார்ட் போட்டு ஆடும்போது முழுப் பெட்டியும் 250 வாட் அளவில் எடுக்கும். மாதத்துக்கு 22 அலகுக்கு மேல். கூடுவது 13 அலகுதானே என்று தோன்றும். ஆனால் நம் நாட்டு வீட்டு மின்கட்டணத்தில் மாதம் 60 அலகு என்பது ஒரு வேலி. அதைத் தாண்டினால் தாண்டிய அலகுக்கு மட்டுமல்ல, முதல் 60 அலகுக்கும் வீதம் மாறுகிறது; நிலையான கட்டணமும் ஏறுகிறது. 50 அலகில் நிற்கும் வீடு 63க்குப் போனால் பில்லைப் பார்த்து வாப்பா போன் எடுப்பது நிச்சயம். பழைய பில்களை எடுத்துப் பார்த்து, ஆடும் நேரத்தை முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

இடிமின்னலும் நமக்குப் புதிதல்ல. ஏப்ரலிலும், ஒக்டோபர் நவம்பரிலும் பின்னேரம் வானம் கறுத்தால் பிளக்கைச் சுவரிலிருந்தே கழற்றிவிட வேண்டும். ஸ்விட்சை நிறுத்துவது மட்டும் போதாது. 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறை மின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏறி நாடு முழுவதும் இருளானது ஞாபகம் இருக்கும். 650 விஏ யூபிஎஸ் ஒன்று இருந்தால் அப்படியான நேரங்களில் ஒழுங்காக நிறுத்திக்கொள்ளச் சில நிமிடம் கிடைக்கும். ஆடி முடிக்க அல்ல.

கேட்பது எப்போதும் மகன்தானா என்றும் ஒரு கேள்வி எனக்கு உண்டு. மகள் வீடியோ வெட்டி ஒட்டுகிறாள், கல்யாண அழைப்பிதழ் வடிவமைக்கிறாள், முப்பரிமாணப் படம் வரையப் பழகுகிறாள் என்றால் அதே கார்ட் அவளுக்கும் வேலை செய்யும். பிளெண்டர் போன்ற இலவச மென்பொருள் கார்டின் கைகளைக் கொண்டே படத்தை முடிக்கிறது. அந்த வேலைக்கு மெமரி கூடிய கார்ட், 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060 போன்றது, நல்லது. இருவருக்கும் பொதுவாக வாங்கி, பெட்டியை அறைக்குள் அல்லாமல் மண்டபத்தில் வைத்தால் நேரப் பங்கீட்டை நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

கார்ட் வீட்டுக்கு வந்த நாளில் பில்லையும் வாரண்டி அட்டையையும் போனில் படமெடுத்து வையுங்கள். பில்லின் மை ஓராண்டில் மங்கிவிடும். கார்டின் ஸ்க்ரூ மேல் ஒட்டியிருக்கும் சிறிய ஸ்டிக்கரை யாரும் கிழிக்க வேண்டாம். பொருத்தும்போது பிளக்கைக் கழற்றி, முதலில் பெட்டியின் இரும்பைத் தொட்டு, பிறகு கார்டின் ஓரத்தைப் பிடித்து ‘டிக்’ என்று கேட்கும்வரை அழுத்தினால் போதும். கடைசியாக மொனிட்டர் வயர். அதைப் பழைய துளையிலேயே மீண்டும் செருகிவிடும் வீடுகள் நிறைய உண்டு. அப்போது படம் பழைய வழியிலேயே வரும், புதுக் கார்ட் சும்மா சுழலும். “இவ்வளவு காசு கொடுத்தும் முன்னைப் போலத்தான் இழுக்குது உம்மா” என்று மகன் சொன்னால், கடைக்குப் போன் எடுப்பதற்கு முன் பெட்டியின் பின்பக்கம் போய் அந்த வயர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.